இலவசமும் உரிமையும்: வீட்டு ஆய்வுகூடத்தில் வணிக ஹைப்பர்வைசர்

(கலைப்பீடம், மூன்றாம் வருடம்)

கணினித் துறையில் உத்தியோகம் தேட விரும்பும் மாணவருக்கு இன்று தாராளமாக வழங்கப்படும் ஆலோசனை ஒன்றுண்டு. "பாவித்த மினி பிசி ஒன்றை வாங்கு, பெரிய கம்பனிகள் பாவிக்கும் ஹைப்பர்வைசரை அதில் நிறுவு, வீட்டிலேயே ஓர் ஆய்வுகூடத்தை அமைத்துக்கொள், தொழில் தேடிவரும்" என்பதே அவ்வாலோசனை. மூத்த மாணவர் இளைய மாணவருக்கு இதனைச் சொல்கின்றனர். பயிற்சி நிலையங்கள் சொல்கின்றன. அறிந்தோர் சிலரும் இதனை வழிமொழிகின்றனர். இவ்வாலோசனையின் முற்பாதியோடு எமக்குப் பிணக்கில்லை. தன் கையால் ஒரு கணினியைத் திறந்து, நிறுவி, பழுதாக்கி, மீண்டும் திருத்திக் கற்பதைப் போன்ற கல்வி வேறில்லை. பிற்பாதியே எமது மறுப்புக்குரியது. கற்பதற்கென அமைக்கும் ஆய்வுகூடத்தின் அத்திவாரமாக, ஒரு கம்பனி நினைத்தபோது தந்து நினைத்தபோது பறிக்கக்கூடிய மென்பொருளை இடுவது கல்விக்கும் கேடு, கற்பவனின் சுயமதிப்புக்கும் கேடு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கலைப்பீட மாணவர் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். ஒரு கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பது பொறியியல் வினா. அக்கருவியைப் பயிலும் உரிமை யார் கையில் இருக்கின்றது, அப்பயிற்சிக்காகச் செலவாகும் உழைப்பின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பன சமுதாய வினாக்கள். இவ்வினாக்களைப் பொறியியலாளரிடம் மாத்திரம் விட்டுவிடுவது அவர்களுக்கும் நன்றன்று, எமக்கும் நன்றன்று.

ஹைப்பர்வைசர் என்பது யாது?

ஒரே கணினியைப் பல கணினிகள் போல இயங்கச் செய்யும் மென்பொருளே ஹைப்பர்வைசர் எனப்படுகின்றது. அது வன்பொருளுக்கும் பணிசெயல் முறைமைகளுக்கும் இடையே நின்று, புரொசசரின் நேரத்தையும் நினைவகத்தையும் சேமிப்பையும் வலையமைப்பையும் பங்கிட்டுக் கொடுக்கின்றது. அதன்மேல் இயங்கும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும், தானே முழுக் கணினியும் என்று எண்ணியவாறு இயங்குகின்றது. ஒரு புத்தகத்தின் அளவேயான மினி பிசியில் ஒரு மாணவன் கோப்புச் சேவையகம், தரவுத்தளம், இணையச் சேவையகம், தீச்சுவர் என ஒரு சிறு நிறுவனத்தின் கணினி அறை முழுவதையும் உருவாக்கிப் பார்க்க முடிவது இதனாலேயாகும்.

இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு நிலையத்தில் இதற்கான முதல் முறைமைகள் உருவாகின. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அது விற்பனைப் பொருளாயிற்று. 1974இல் பொபெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர், எத்தகைய புரொசசர் இம்முறைக்கு ஏற்றது என்பதற்கான கோட்பாட்டு நிபந்தனைகளை வகுத்து வெளியிட்டனர். எமது மேசைகளில் உள்ள இன்டெல் வகைப் புரொசசர்கள் நெடுங்காலம் அந்நிபந்தனைகளுக்கு அடங்கவில்லை. அத்தடையைத் தாண்டும் வழி, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மென்டல் ரோசன்பிளமும் அவருடைய மாணவர்களும் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. டிஸ்கோ என்ற அவர்களது ஆய்வு முறைமை பற்றிய கட்டுரை 1997இல் வெளிவந்தது. 1998இல் ரோசன்பிளமும் டயான் கிரீனும் வேறு சிலரும் சேர்ந்து விஎம்வெயார் கம்பனியைத் தொடங்கினர். அதன் ஈஎஸ்எக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் 2001இல் வந்தது. அதன் பிந்திய வடிவமே இன்று பலரும் வீட்டில் நிறுவ விரும்பும் ஈஎஸ்எக்ஸ்ஐ.

இவ்வரலாற்றில் மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. விற்பனைப் பொருளாக எம்முன் வைக்கப்படும் இத்தொழில்நுட்பத்தின் வேர் பகிரங்கமாக அச்சிடப்பட்ட கட்டுரைகளிலும், பல்கலைக்கழக ஆய்வறைகளிலும், மாணவரின் உழைப்பிலும் ஊன்றியுள்ளது. கம்பனியின் பங்களிப்பை நாம் மறுக்கவில்லை, அது பெரிது. ஆயின் கம்பனி இன்றித் தொழில்நுட்பம் இல்லை என்ற மயக்கத்துக்கு வரலாற்றில் இடமில்லை.

மினி பிசியில் நடப்பது

நிறுவுதல் என்ற செயலையே சற்று உற்றுநோக்குவோம். மாணவன் நிறுவற் கோப்பை யூஎஸ்பி குச்சியில் எழுதிக்கொள்கின்றான். மினி பிசியின் ஆரம்ப அமைப்புகளுக்குள் சென்று, மெய்நிகராக்கத்துக்கு உதவும் வசதியை இயங்கச் செய்கின்றான். பின்னர் குச்சியிலிருந்து கணினியைத் தொடக்குகின்றான். முதலிற் கேட்கப்படுவது உடன்பாடு. நீண்ட உரிம ஒப்பந்தமொன்று திரையில் தோன்றும். எஃப்11 என்ற விசையை அழுத்தி அதற்கு இணங்கினாலன்றி அடுத்த படிக்குச் செல்லல் இயலாது. அதனைப் படிப்பவர் மிகச் சிலரே.

இணங்கிய பின்னரும் தடைகள் உள. மலிவான மினி பிசிகள் பலவற்றில் ரியல்ரெக் கம்பனியின் வலையமைப்புச் சில்லே பொருத்தப்பட்டிருக்கும். 2020இல் வெளிவந்த ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 பதிப்பில், லினக்ஸ் வகை டிரைவர்களை ஏற்கும் பழைய அடுக்கு நீக்கப்பட்டது. அதுவரை ஆர்வலர் தயாரித்துப் பகிர்ந்த டிரைவர்களின் துணையால் இயங்கிய அச்சில்லுகள் அதனோடு கைவிடப்பட்டன. அதே மினி பிசியில் லினக்ஸை நிறுவினால் அதே சில்லு எவ்வித முயற்சியுமின்றி இயங்குகின்றது. பழுது சில்லில் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

2021இன் இறுதியில் வந்த இன்டெலின் 12ஆம் தலைமுறைப் புரொசசர்களில் வலுக்கூடிய கோர்களும் வலுக்குறைந்த கோர்களும் கலந்துள்ளன. எல்லாக் கோர்களும் ஒரே தன்மையின என்று எதிர்பார்க்கும் ஈஎஸ்எக்ஸ்ஐ, இவற்றைக் கண்டதும் ஊதாநிறத் திரையைக் காட்டி நின்றுவிடுகின்றது. தொடக்கத்திலேயே ஒரு கட்டளையைச் சேர்த்து அச்சோதனையைத் தவிர்க்கவேண்டும். மத்திய நிர்வாகக் கருவியான விசென்ரரை நிறுவ விரும்பினால், அதன் 8ஆம் பதிப்பின் மிகச் சிறிய வடிவமே 14 ஜிபி நினைவகத்தைக் கேட்கின்றது. 16 ஜிபி மாத்திரம் உள்ள மினி பிசியில் மாணவனின் சொந்தச் சோதனைகளுக்கு எஞ்சுவது எதுவுமில்லை.

இவற்றைக் குறையாக நாம் அடுக்கவில்லை. பெரிய சேவையகங்களுக்கென ஆக்கப்பட்ட மென்பொருள் சிறு கணினியில் தடுமாறுவது இயல்பு. நாம் சுட்டுவது வேறொன்று. இத்தடைகளைத் தாண்டுவதற்குச் செலவாகும் இரவுகளை மாணவன் "கற்றல்" என்று கணக்கெழுதுகின்றான். அவற்றிற் பெரும்பகுதி ஹைப்பர்வைசரின் இயல்பைக் கற்பதன்று. ஒரு கம்பனி எதனை அனுமதிக்கின்றது, எதனை அனுமதிக்கவில்லை என்பதைக் கற்பதேயாகும். மூலநிரல் மூடியிருப்பதால் "ஏன்" என்ற வினாவுக்கு அவன் விடை காண முடியாது. யாரோ கண்டறிந்த கட்டளையை மனனஞ் செய்து தட்டச்சுச் செய்ய மாத்திரம் முடியும். மனனக் கல்வியைப் பள்ளியோடு விட்டுவந்தோம் என்று பெருமைப்படுவோர், அதனைப் புது வேடத்தில் வீட்டுக்குள் அழைத்து வருகின்றனர்.

தந்ததும் பறித்ததும்

விஎம்வெயார் 2008இல் ஈஎஸ்எக்ஸ்ஐயை இலவசமாக வழங்கத் தொடங்கியது. மெய்நிகர் கணினி ஒன்றுக்கு 8 மெய்நிகர் புரொசசர் என்ற எல்லை, விசென்ரருடன் இணைக்க இயலாமை முதலிய வரையறைகள் அவ்விலவசப் பதிப்பில் இருந்தன. எனினும் ஒரு மினி பிசிக்கு அது போதுமானதாயிருந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உலகெங்கும் மாணவரும் இளம் தொழிலாளரும் அதன்மேல் தம் வீட்டு ஆய்வுகூடங்களைக் கட்டினர், குறிப்புகள் எழுதினர், பிழைகளைக் கண்டறிந்து பகிர்ந்தனர், ஒருவருக்கொருவர் கற்பித்தனர். அவர்களுள் பலர் தாம் வேலைக்குச் சென்ற நிறுவனங்களில் அதே மென்பொருளை வாங்குமாறு பரிந்துரைத்தனர். இது அவர்கள் கம்பனிக்குச் செய்த ஊதியமில்லாத உழைப்பு என்று கூறின் மிகையாகாது.

இதற்கிடையிற் கம்பனி கைமாறிக்கொண்டேயிருந்தது. 2004இல் ஈஎம்சி அதனை வாங்கியது. 2016இல் டெல் கம்பனி ஈஎம்சியை வாங்கியது. 2021இல் விஎம்வெயார் டெல்லிடமிருந்து பிரிந்தது. 2023 நவம்பர் 22ஆம் திகதி புரோட்கொம் என்னும் சில்லுக் கம்பனி சுமார் 69 பில்லியன் டொலருக்கு அதனை வாங்கி முடித்தது. அதன் பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி என்றும் பாவிக்கும் நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. சந்தா முறை மாத்திரமே எஞ்சியது. 2024 பெப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பும் நிறுத்தப்பட்டது. பாவனையாளர் சங்கத்தின் வழியாக ஆண்டுக்குச் சுமார் 200 டொலர் செலுத்தி, வீட்டு ஆய்வுகூடத்துக்கான உரிமங்களைப் பெறும் வழி ஒன்றிருந்தது. 2024 நவம்பர் இறுதி முதல் அதற்கும் ஒரு நிபந்தனை சேர்ந்தது. கம்பனியின் தேர்ச்சிச் சான்றிதழைப் பெற்றவருக்கே இனி அவ்வுரிமங்கள். கற்பதற்கு ஆய்வுகூடம் வேண்டும், ஆய்வுகூடத்துக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குக் கற்றிருக்கவேண்டும். நீச்சல் பழகிய பின்னரே நீரில் இறங்கலாம் என்ற கதை இது.

எஞ்சுவது 60 நாள் பரீட்சார்த்தக் காலம். அக்காலம் முடிந்தபின், ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிகள் ஓடும். நிறுத்தப்பட்டதை மீண்டும் இயக்க அனுமதி கிடையாது. மின்சாரம் ஒருமுறை தடைப்பட்டாற் போதும், மாணவனின் ஆய்வுகூடம் முழுவதும் அவனது சொந்த மேசையிலேயே பூட்டப்பட்டுவிடும். வன்பொருள் அவனுடையது, மின்கட்டணம் அவனுடையது, அதனுள் இருக்கும் தரவுகள் அவனுடையவை. திறப்பு மாத்திரம் வேறொருவருடையது.

2025 ஏப்ரலில் இலவசப் பதிப்பு மீண்டும் வழங்கப்பட்டது உண்மையே. "பார்த்தீரா, குறை நீங்கிவிட்டது" என்று இதனைக் காட்டுவோர் உளர். எமக்கு இது எதிர்ச்சாட்சியன்று; எமது வாதத்துக்கே சாட்சி. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு முடிவினால் பறிக்கப்பட்டது, மற்றொரு முடிவினால் திருப்பித் தரப்பட்டது. இவ்விரு முடிவுகளிலும் அதன்மேல் தம் கல்வியைக் கட்டியவர்களின் குரலுக்கு இடமிருக்கவில்லை. கொடுப்பவன் மனம் மாறினாற் போய்விடுவது கொடை. யார் மனம் மாறினும் போகாதது உரிமை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே இலவசத்தின் வெற்றி.

எதிர்வாதங்கள்

எம் நிலைக்கு எதிராக முன்வைக்கப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, தொழிற்சந்தை வாதம். "நிறுவனங்கள் விஎம்வெயாரையே பாவிக்கின்றன, ஆகவே அதனையே கற்கவேண்டும்" என்பர். பல நிறுவனங்கள் இன்றும் அதனைப் பாவிப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நிறுவனங்கள் உண்மையில் வேண்டுவது எதனை? நினைவகத்தை உள்ளதிலும் அதிகமாகப் பங்கிட்டால் என்ன நிகழும், ஸ்னாப்ஷொட் ஒன்றை நீண்டகாலம் வைத்திருந்தாற் சேமிப்புக்கு என்ன நேரும், ஓடும் கணினியொன்றை நிறுத்தாமல் மற்றொரு இயந்திரத்துக்கு நகர்த்துவது எங்ஙனம் என்பவற்றை அறிந்தவரையே. இவ்வறிவு எந்தக் கம்பனிக்கும் உரியதன்று. விருந்தினர் கணினியிடமிருந்து நினைவகத்தைத் திரும்பப் பெறும் பலூன் முறையை ஈஎஸ்எக்ஸ் சேவையகத்துக்காக வடிவமைத்த வோல்ட்ஸ்பேர்கர், அதனை 2002இல் ஆய்வுக் கட்டுரையாகப் பகிரங்கப்படுத்தினார். அதே முறை இன்று லினக்ஸிலும் உண்டு. கோட்பாட்டைக் கற்றவன் எந்தக் கம்பனியின் திரையையும் சில கிழமைகளிற் பழகிக்கொள்வான். திரையை மாத்திரம் பழகியவன், திரை மாறும்போது மீண்டும் முதலாம் வகுப்புக்கே செல்லவேண்டும். 2023க்குப் பின்னர் உரிமச் செலவுக்கு அஞ்சிப் பல நிறுவனங்கள் வேறு முறைமைகளுக்கு மாற முயன்றபோது அவற்றுக்குத் தேவைப்பட்டோர் முதல் வகையினரே.

இரண்டாவது, தர வாதம். "கட்டணம் இல்லாத மென்பொருள் தரமற்றது" என்பர். ஈஎஸ்எக்ஸ்ஐ உயர்ந்த தரத்தது. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அதற்கு மாற்று இல்லை என்பது அறியாமை. கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசர் 2007ஆம் ஆண்டின் 2.6.20 பதிப்பு முதல் லினக்ஸ் கருவின் உறுப்பாகவே உள்ளது. கூகிளின் மேகக் கணினிச் சேவை அதன்மேல் இயங்குகின்றது. அமேசன் 2017இல் அறிமுகஞ் செய்த நைட்ரோ முறைமையும் கேவிஎம்மின் வழிவந்ததே. உலகின் மிகப் பெரிய கணினிக் கூடங்களுக்குப் போதுமான ஒன்று, எமது படுக்கையறை மேசையில் உள்ள மினி பிசிக்குப் போதாது என்று கூறுவோர் தம் கூற்றை மீளாய்வு செய்தல் நன்று. வணிகப் பண்டம் எளிதாக இருக்கின்றது என்பது ஓரளவு உண்மை. எளிமையான முகப்பை வேண்டுவோர்க்குக் கேவிஎம்மின்மேல் அமைந்த புரொக்ஸ்மொக்ஸ் உண்டு. 2008இல் வியன்னா நகரிலிருந்து வெளிவந்த அதனை உலாவியின் வழியே நிர்வகிக்கலாம்.

மூன்றாவது வாதம் வலிமையானது. "புரொக்ஸ்மொக்ஸும் ஒரு கம்பனியின் ஆக்கமே. அதுவும் சந்தா விற்கின்றது. நாளை அதுவும் கதவை மூடாதா?" என்று கேட்பர். மூட முயலலாம். இத்தகைய முயற்சி வேறிடத்தில் நிகழ்ந்தும் உள்ளது. ரெட்ஹட் கம்பனி 2029 வரை ஆதரவளிக்கப்படும் என எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8ஐ 2021இன் இறுதியோடு நிறுத்துவதாக 2020 டிசெம்பரில் அறிவித்தது. ஆயின் தொடர்ந்து நிகழ்ந்தது என்ன? மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தமையால், 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸும் யூனில் ரொக்கிலினக்ஸும் அதே இடத்தை நிரப்பின. 2023இல் ரெட்ஹட் மூலநிரலைப் பகிரங்கமாக வைக்கும் முறையைச் சுருக்கிய பின்னரும் அவை நின்று நிலைக்கின்றன. ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டபோது அத்தகைய மாற்று ஒன்றை எவராலும் எழுப்ப முடியவில்லை. எழுப்புவதற்குச் செங்கல்லே கையில் இல்லை. கட்டற்ற மென்பொருளின் பின்னால் நிற்கும் கம்பனிகள் நல்லவை என்று நாம் சொல்ல வரவில்லை. அவை தீயனவாக மாறினும் கற்பவன் அநாதையாவதில்லை என்பதே எமது கூற்று. நம்பிக்கையை மனிதரின் நல்லெண்ணத்தில் வைப்பதற்கும், உரிமத்தின் சொற்களில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நான்காவது வாதத்தைப் பகிரங்கமாக எவரும் எழுதுவதில்லை; ஆனால் எல்லோரும் அறிவர். "உரிமம் எதற்கு? திருட்டுத் திறவுச் சொல் கிடைக்கின்றதே" என்பதே அது. இதனைக் கம்பனிக்கு எதிரான வீரச் செயலாகக் கருதுவோரும் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. திருட்டுத் திறவுச் சொல்லோடு ஒரு பண்டத்திற் பயின்றவன், நாளை தன் நிறுவனத்தின் பணத்தில் அதே பண்டத்தை வாங்குவிப்பவனாகின்றான். அவன் கம்பனியை ஏய்க்கவில்லை. சம்பளமின்றி அதன் விற்பனை முகவராகப் பயிற்சி பெறுகின்றான். அத்தோடு, சரியான இணைப்பு மேம்பாடுகள் கிடையாத முறைமையைத் தன் வீட்டு வலையமைப்பின் நடுவே வைத்துக்கொள்கின்றான். திருட்டு, அடிமைத்தனத்தின் மறுபக்கமேயன்றி அதிலிருந்து விடுதலையன்று.

இது புதியதன்று

இவ்வாறு நிகழ்வது இதுவே முதற்றடவையன்று. ஐபிஎம் தன் விஎம் முறைமையின் மூலநிரலைப் பாவனையாளருக்கு ஒருகாலத்தில் வழங்கி வந்தது. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் அதனைப் படித்தன, திருத்தின, மேம்படுத்தின, தம் திருத்தங்களைப் பாவனையாளர் சங்கங்களின் வழியே பகிர்ந்துகொண்டன. அத்திருத்தங்களாற் கம்பனியும் பயன்பெற்றது. 1983இல் ஐபிஎம் இனி மூலநிரலை வழங்காது, இயந்திரக் குறிமுறையை மாத்திரமே வழங்கும் கொள்கையை அறிவித்தது. பாவனையாளர் கடுமையாக எதிர்த்தனர். கொள்கை மாறவில்லை. நாற்பது ஆண்டுகளின் பின் மற்றொரு கம்பனி, மற்றொரு தலைமுறை. கதையின் போக்கு அதுவே. சமூகமாகக் கூடி வளர்த்த அறிவு, பயன் தரத் தொடங்கும் வேளையில் வேலிக்குள் அடைக்கப்படுகின்றது. வரலாற்றைப் படிப்பவர் இதில் வியப்படைய எதுவுமில்லை. வியப்புக்குரியது, ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக் கம்பனி மாத்திரம் விதிவிலக்கு என்று நம்புவதே.

எம் நிலையில்

இதுவரை கூறியன எந்நாட்டு மாணவருக்கும் பொருந்தும். இலங்கை மாணவருக்கு இதில் மேலதிகச் சுமை ஒன்றுண்டு. சந்தா டொலரில் அறவிடப்படுகின்றது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அது ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 200 டொலர்ச் சந்தா, கம்பனி ஒரு சதமும் உயர்த்தாமலே 40,000 ரூபாவிலிருந்து 72,000 ரூபாவாக உயர்ந்தது. அவ்வாண்டு எரிபொருளுக்கே நாட்டில் டொலர் இருக்கவில்லை. ஒரு மாணவனின் கல்வி அந்நியச் செலாவணியின் ஏற்ற இறக்கத்தில் தொங்குவதை "வீட்டு ஆய்வுகூடம்" என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

எம்மால் வேறு வழி காண முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எம் கரைகளை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்கென இலங்கைக் கணினித் தொண்டர்கள் சகானா என்ற மென்பொருளை உருவாக்கினர். கட்டற்ற மென்பொருட்களின்மேல் அமைந்த அது தானும் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகானாவுக்கு வழங்கியது. பேரலையின் மறுநாள் உரிம ஒப்பந்தத்தைப் படித்து, அனுமதி கேட்டு, டொலர் அனுப்பியிருக்கவேண்டிய நிலை இருந்திருப்பின் அம்முயற்சி எவ்வளவு தாமதமாகியிருக்கும் என்பதைச் சிந்திக்கவேண்டும்.

தமிழறிவைப் பேணும் முயற்சிகளும் இவ்வத்திவாரத்தையே நாடின. 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்னுருவாக்கிப் பாதுகாத்துவரும் நூலகம் திட்டம், மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மேலேயே தன் தளத்தை அமைத்துள்ளது. ஏட்டுச் சுவடிகள் எமக்குக் கிடைத்தமைக்குக் காரணம், படியெடுக்க அனுமதிக்கப்பட்டமையே. ஒருவர் வீட்டில் செல்லரித்தது மற்றொருவர் வீட்டில் எஞ்சியது. பூட்டிவைத்த சுவடி பூட்டோடு மக்கியது. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது பல இடங்களிலிருந்து பெற்ற படிகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது. படியெடுக்கவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளுக்கும், படியெடுக்கத் தடையுள்ள மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு தமிழ் மாணவருக்கு விளங்காத ஒன்றன்று. அது எம் இலக்கியத்தின் பிழைப்பையே நிர்ணயித்த வேறுபாடு.

செய்யத்தக்கவை

மறுப்பதோடு நின்றுவிடுவது பொறுப்பற்ற செயல். ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, பாடத்திட்டம் வகுப்போருக்கு. பண்டத்தின் பெயராற் பாடத்தை அமைக்காதீர்கள். கோட்பாட்டின் பெயரால் அமையுங்கள். மெய்நிகராக்கம் என்ற பாடத்தில் மாணவன் மூலநிரலைத் திறந்து பார்க்கக்கூடிய ஒரு ஹைப்பர்வைசராவது கட்டாயமாக இருக்கட்டும். வணிகப் பண்டம் அதன் பின்னர் ஒப்பீட்டுக்காக வரலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவனுக்கு எந்தக் கம்பனியும் ஆபத்தன்று.

இரண்டாவது, மாணவர் சங்கங்களுக்கு. ஒவ்வொருவரும் தனித்தனியே மினி பிசி வாங்கிக் கடன்படுவதை விட, அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு கணினிகள் மூன்றைச் சேர்த்துப் பொது ஆய்வுகூடமொன்றை அமைக்கலாம். கழிக்கப்பட்ட கணினிகள் வணிக ஹைப்பர்வைசர்களின் ஆதரவுப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பதிப்போடும் உதிர்ந்து வருகின்றன. லினக்ஸ் அவற்றை இன்னும் பல்லாண்டு ஏற்கும். மூன்று கணினிகள் இருப்பின் ஒன்று பழுதானாலும் மற்றவை சுமையை ஏற்பது எங்ஙனம் என்பதையும் கற்கலாம். அதனைத் தனி மினி பிசி கற்பிக்காது. கூட்டு வாழ்வைத் தனி மனிதன் கற்பிக்க முடியாதவாறு.

மூன்றாவது, கலைப்பீடத்து எமக்கே. இத்துறை பற்றிய அறிவு தமிழில் எழுதப்படவேண்டும். நிறுவும் முறையை மாத்திரம் அன்றி, அது ஏன் அவ்வாறு இயங்குகின்றது, யாருக்காக இயங்குகின்றது என்பதையும் எழுதவேண்டும். பொறியியற்பீட மாணவர் கருத்தைத் தர, நாம் சொல்லைத் தேடித் தருவோம். இரு பீடங்களும் ஒரு மேசையில் அமர்வதற்கு இதனினும் தக்க காரணம் கிடைப்பது அரிது.

மினி பிசி வாங்க எண்ணும் தோழருக்கு இறுதியாக ஒன்று கூறுவோம். கட்டாயம் வாங்குங்கள்; இரவிரவாக அதனோடு போராடுங்கள்; பழுதாக்குங்கள்; திருத்துங்கள். எஃப்11 விசையை அழுத்தும் முன் மாத்திரம், இங்கே நீங்கள் கட்டப்போவது உங்கள் வீடா, குத்தகைக் கொட்டிலா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குத்தகைக் கொட்டிலில் எத்தனை ஆண்டு வியர்வை சிந்தினாலும், நிலக்காரன் வெளியேறச் சொல்லும் நாளில் கையில் எஞ்சுவது வியர்வை மாத்திரமே.